தண்டவாளத்துல கேப்பே இல்லையே மிஸ்!

பெரம்பூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட ஷெட் ஒன்று உண்டு. 2009-இலிருந்து அங்கேதான் டியூஷன் எடுக்கிறேன். ஆறாவதிலிருந்து பத்தாவது வரை, கணக்கும் அறிவியலும். மாலை ஐந்தரைக்கு ஆரம்பித்தால் முடிய எட்டு மணி ஆகும். மெட்ரிக் பள்ளிப் பிள்ளைகள், மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகள், ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே பாய்தான். பிள்ளைகளுக்குப் படிப்பு மேல் இருக்கிற ஆசை ஏன் போய்விடுகிறது என்று யாராவது பேச்செடுத்தால், பள்ளிக்கூடத்தைக் கைகாட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். நானும் பல வருடம் அப்படித்தான் நகர்ந்தேன். ஆனால் ஒரு பையன் விஷயத்தில் தண்ணீர் ஊற்றி அணைத்தது நானேதான்.

2016 கடைசி. அவன் ஏழாவது. வெப்பத்தால் பொருள்கள் விரிவடைவது பற்றிப் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. 'தண்டவாளங்களுக்கு இடையே சிறு இடைவெளி விடப்படுவது ஏன்?' என் அம்மா காலத்திலிருந்து வருகிற கேள்வி. கோடையில் இரும்பு விரியும், இடைவெளி இல்லாவிட்டால் தண்டவாளம் வளைந்துவிடும் என்று விடையை வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொண்டே போனேன். எல்லாரும் எழுதினார்கள். இவன் மட்டும் பேனாவை வைத்துவிட்டுக் கையைத் தூக்கினான்.

"மிஸ், நான் ஸ்டேஷன்ல தினமும் பாக்குறேன். தண்டவாளத்துல கேப்பே இல்ல. ஒரே நீளமா போகுது."

"புக்ல இருக்கறத எழுதுப்பா. ரெண்டு மார்க்."

அவ்வளவுதான் நான் சொன்னது. அதட்டவில்லை, அடிக்கவில்லை. நேரம் ஏழே முக்கால், இன்னும் மூன்று கேள்வி பாக்கி, மறுநாள் அவர்களுக்கு டெஸ்ட். அவன் எழுதினான், இரண்டு மார்க்கும் வாங்கினான். அதற்குப் பிறகும் கேள்வி கேட்டான், கேட்காமல் இல்லை. ஆனால் எல்லாம் ஒரே கேள்விதான்: "மிஸ், இது பரீட்சைக்கு வருமா?"

இதை அப்போது நான் கவனிக்கவே இல்லை. பையன் பொறுப்பாகிவிட்டான் என்று சந்தோஷம்கூடப் பட்டேன். விஷயம் உறைத்தது 2020 ஜூன் மாதம். கொரோனாவால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்து, எல்லாரும் தேர்ச்சி என்று அறிவித்தார்கள். காலாண்டு, அரையாண்டு மார்க்கிலிருந்து 80 சதவீதமும் வருகைப் பதிவிலிருந்து 20 சதவீதமும் எடுத்து மார்க் போடுவார்கள் என்றார்கள். அன்றைக்குச் சாயங்காலம் அவன் போன் செய்தான். குதிப்பான் என்று நினைத்தேன். "அப்போ ஒன்பதாவதுல இருந்து படிச்சதெல்லாம் வேஸ்ட்டா மிஸ்?" என்றான். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டான். ஒன்பதாவது பாதியிலேயே பத்தாவது பாடத்தை நடத்தத் தொடங்கிய கூட்டத்தில் நானும் ஒருத்தி. என்னிடம் பதில் இல்லை.

இந்த முன்கூட்டி நடத்துகிற வியாதி பழையது. பதினொன்றாவதில் பொதுத்தேர்வு இல்லாத காலத்தில், பல பள்ளிகள் அந்த வருடப் பாடத்தை ஓரம் கட்டிவிட்டு நேரே பன்னிரண்டாவது பாடத்துக்குப் போய்விடும். அதைத் தடுக்கவென்றே 2017-18-இல் பதினொன்றாவதுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். அதே 2017-இல்தான் மாநில அளவில் முதல் இடம், இரண்டாம் இடம் என்று அறிவிப்பதையும் அரசு நிறுத்தியது. நல்ல காரியம். ஆனால் எங்கள் தெருமுனை பேனருக்கு அந்த உத்தரவு இன்னும் வந்து சேரவில்லை. மே மாதம் வந்தால் சின்னச் சின்னப் போட்டோக்களோடு அது தொங்கத்தான் செய்கிறது.

ஊரடங்கு நேரத்தில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது, எந்த வகுப்பில் பிள்ளைகள் மாறுகிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். நான் டியூஷன் ஆரம்பித்த புதிதில் மாநகராட்சிப் பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகள் தொடக்கப் பள்ளியில் செயல்வழிக் கற்றலில் படித்தவர்கள். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுக்கப் போன முறை அது. தரையில் வட்டமாக உட்கார்ந்து, அட்டை எடுத்துத் தன் வேகத்தில் படித்து, சுவரின் கீழ்ப்பக்கம் பிள்ளை உயரத்துக்கு அடித்திருக்கிற கரும்பலகையில் எழுதிப் பார்ப்பார்கள். அதில் குறை இல்லாமல் இல்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கவே தடுமாறின சில பிள்ளைகளையும் நான் பார்த்தேன். ஆனால் ஆறாவது சேர்ந்த முதல் மாதம் அவர்கள் என்னைத் துளைத்தெடுப்பார்கள். அரையாண்டுக்குள் அடங்கிவிடுவார்கள். பாடம் கஷ்டமானதால் அடங்கினார்கள் என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. கஷ்டத்துக்குப் பிள்ளைகள் பயப்படுவதே இல்லை. செல்போன் கேமில் ஒரே லெவலில் நாற்பது தடவை செத்துச் செத்து விளையாடுகிறவர்கள்தானே! அவர்களை அடக்கியது வேறு. பள்ளியிலும் என்னிடமும் கேட்கப்படுகிற ஒவ்வொரு கேள்விக்கும் விடை முன்னாடியே தயாராக இருந்தது. அவர்கள் வேலை அதைத் திருப்பிக் கொடுப்பது மட்டும். அவர்களுடைய சொந்தக் கேள்விக்கு அங்கே இடமே இல்லை.

2021-இல் திரும்ப வகுப்பு தொடங்கினபோது ஒரு காரியம் செய்தேன். எங்கள் தெருவில் ரயில்வேயில் கேங்மேனாக, அதாவது தண்டவாளத்தைப் பராமரிக்கிற ஆளாக, இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். மாடிக்கு வந்து பிள்ளைகளிடம் பேசச் சொன்னேன். "நான் என்ன டீச்சரம்மா பேசப்போறேன், ஜல்லி அள்ளினவன்" என்று மழுப்பினார். டீ போட்டுக் கொடுத்து உட்கார வைத்தேன்.

அவர் சொன்னது இது. அந்தக் காலத்தில் 13 மீட்டர் நீளத் துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஃபிஷ் பிளேட் என்கிற இணைப்புத் தகடு போட்டு போல்ட் முடுக்குவார்கள். துண்டுக்குத் துண்டு கொஞ்சம் சந்து இருக்கும். ரயிலில் போனால் 'தடக் தடக்' என்று கேட்குமே, அது சக்கரம் அந்தச் சந்தைத் தாண்டுகிற சத்தம். பிறகு வெல்டு வைத்து நீளநீளமாக ஒட்டிவிட்டார்கள். இப்போது அந்தச் சத்தம் குறைந்துவிட்டது.

"அப்போ வெயில்ல விரியாதா தாத்தா?"

"விரியாம?"

அங்கேதான் வகுப்பு சூடு பிடித்தது. நான் கணக்கைப் பலகையில் போட்டேன். எஃகு ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் ஏறக்குறைய 0.012 மில்லிமீட்டர் விரியும். காலைக்கும் உச்சி வெயிலுக்கும் தண்டவாளத்தின் சூட்டில் 30 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளலாம். வெயிலில் கிடக்கிற இரும்பு காற்றைவிட அதிகம் சுடும் அல்லவா. 13 மீட்டர் துண்டுக்குக் கிட்டத்தட்ட 4.7 மில்லிமீட்டர். சரி, சந்து போதும். ஒட்டிப்போட்ட ஒரு கிலோமீட்டருக்கு? 36 சென்டிமீட்டர். ஸ்கேலை எடுத்து ஒரு பெண் காட்டினாள், ஒன்றேகால் ஸ்கேலுக்குக் கொஞ்சம் குறைவு. "அந்த 36 சென்டிமீட்டர் எங்க மிஸ் போகுது?"

எங்கேயும் போவதில்லை. போக இடம் கொடுக்காமல் ஸ்லீப்பரும் (தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கிற கட்டை) கிளிப்பும் ஜல்லியும் இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. விரிய முடியாத இரும்பு உள்ளுக்குள்ளேயே அழுத்தத்தோடு நிற்கிறது. சாதாரண வெப்பநிலையில் அழுத்தமோ இழுப்போ இல்லாதபடி பார்த்துப் பூட்டியிருப்பார்கள். கோடையில் அழுத்தம், குளிரில் இழுப்பு. (சென்னைக்குக் குளிர்காலம் என்று ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டால்.) ஒட்டின நீளம் முடிகிற இடத்தில் மட்டும் நகர்ந்து கொடுக்கிற மாதிரி தனி இணைப்பு. ஜல்லி எங்காவது தளர்ந்திருந்தால் அந்த இடத்தில் தண்டவாளம் பக்கவாட்டில் பாம்பு மாதிரி நெளிந்துவிடும். அதனால் கோடை மதியத்தில் லைன் ஓரமாக நடந்து பார்த்துக்கொண்டே போவதற்கென்று ஆள் உண்டு. "அதுதான் என் வேலை" என்றார் பெரியவர். ஜல்லி அள்ளினவன் என்று தன்னைச் சொன்னாரே, அந்த ஜல்லிதான் மொத்த ரயிலையும் பிடித்து வைத்திருக்கிறது என்பது பிள்ளைகளுக்கு அவர் வாயாலேயே புரிந்தது.

அன்றைக்கு எட்டே முக்கால் வரை யாரும் எழுந்திருக்கவில்லை. பரீட்சையில் என்ன எழுதுவது என்று கேட்டார்கள். புத்தகத்தில் இருப்பதையே எழுதுங்கள், அது தப்பில்லை, சந்து விட்டுப் போட்ட லைனுக்குச் சரியான விடைதான் என்றேன். இந்த இடத்தில் பிள்ளைகளிடம் நேர்மையாக இருந்தால் போதும் என்பது என் அனுபவம். மார்க்குக்கான விடை ஒன்று, தெரிந்துகொள்வதற்கான விடை இன்னொன்று என்று சொன்னால் அவர்கள் குழம்புவதில்லை. நாம்தான் குழம்புவார்கள் என்று பயந்து ஒன்றை மறைக்கிறோம்.

அப்புறம் ஒரு நோட்டு போட்டேன். கேள்வி நோட்டு. முதல் பத்து நிமிடம் அதற்குத்தான். யார் வேண்டுமானாலும் எழுதலாம், பாடத்தில் இருக்க வேண்டிய அவசியமில்லை. எனக்கு ஒரே ஒரு விதி: விடை தெரிந்தாலும் அன்றைக்கே சொல்லக் கூடாது. முதல் மாதம் இது எனக்குச் சித்திரவதை. டியூஷன் மிஸ் என்பவள் விடை சொல்லித்தானே பிழைக்கிறாள்! 'ஏசி உள்ளே குளிருது, வெளிய ஏன் அனல் அடிக்குது?' 'வேன்ல கடைசி சீட்டு மட்டும் ஏன் தூக்கிப் போடுது?' 'கடற்கரை மணலில் தோண்டினால் உப்பில்லாத தண்ணீர் எப்படி வருது?' ஒரு வாரம் விட்டால் பாதிக்கு அவர்களே அரைகுறையாக ஒரு விடையோடு வருவார்கள். அந்த அரைகுறைதான் எனக்கு வேண்டும். அதைத் திருத்துவது பத்து நிமிட வேலை.

ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் இது மருந்தாகாது. 2022-இல் ஏழாவது படித்த ஒரு பெண் இந்த நோட்டைத் தொடவே மாட்டாள். "எனக்கு கணக்கு வராது மிஸ்" என்பது அவள் பெயரோடு ஒட்டிப் பிறந்த மாதிரி. 1/2-யும் 1/3-யும் கூட்டச் சொன்னால் 2/5 என்று எழுதுவாள். மேலேயும் கூட்டு, கீழேயும் கூட்டு. நோண்டிப் பார்த்தால் நாலாவது வகுப்பிலேயே பின்னம் விட்டுப்போயிருக்கிறது. அதற்கு மேல் மூன்று வருடமாக மாடி கட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட பிள்ளைக்கு ஆசை போனது சலிப்பால் இல்லை, தினமும் ஐந்து பீரியட் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கிற அவமானத்தால். அவளிடம் போய் 'ஜாலியாகக் கணக்கு படிக்கலாம்' என்றால் எரிச்சல்தான் வரும். ஓட்டையை அடைக்க வேண்டும், வேறு வழி கிடையாது.

அரை லிட்டர் பால் பாக்கெட்டில் ஆரம்பித்தேன். அதில் பாதி? கால் லிட்டர். அந்தக் காலில் பாதி? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எங்க ஆயா அரைக்கால்னு சொல்லும்" என்றாள். எழுதச் சொன்னேன். அரை 1/2. கால் 1/4. அரைக்கால் 1/8. எழுதிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "மிஸ், அரையையும் காலையும் ஒட்டினா பெருக்கல் வருது!" ஆமாம், அரை, கால், அரைக்கால். வாயிலேயே பெருக்கல் கணக்கு இருக்கிறது. பத்து வருடத்துக்கு மேல் பின்னம் சொல்லிக்கொடுத்த எனக்கு இது தோன்றினதில்லை.

மறுநாள் ஆயாவிடம் கேட்டுக்கொண்டு மாகாணியோடு வந்தாள். பழைய கணக்கில் மா என்றால் 1/20, காணி என்றால் 1/80, மாகாணி என்றால் 1/16, அதையே வீசம் என்றும் சொல்வார்கள். பெருக்கிப் பார்த்தாள், வரவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. நாலு நாள் கழித்துக் கூட்டிப் பார்த்திருக்கிறாள்: 1/20 என்பது 4/80, அதோடு 1/80, மொத்தம் 5/80. அதாவது 1/16. பகுதி எண்ணைச் சமமாக்கிக் கூட்டுவது என்று வகுப்பில் ஆறு மாதம் மண்டையில் ஏறாத விஷயம் அது. "ஒட்டினா ஒரு தடவை பெருக்கல், ஒரு தடவை கூட்டல். எப்போ எதுன்னு எப்படித் தெரியும்?" என்று கேள்வி நோட்டில் எழுதினாள். அவள் எழுதின முதல் கேள்வி. அதற்கடுத்த டெஸ்டில் எத்தனை என்று கேட்பீர்கள். 100-க்கு 38. ஓட்டை ஒன்று அடைந்தது, இன்னும் நாலு இருந்தது. அவள் அம்மாவுக்கு அதை விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

நான் செய்த தப்பு இன்னொன்று. பிள்ளைகள் கதைப் புத்தகம் படிக்கட்டும் என்று ஒரு அலமாரி வைத்தேன். தானாகவே எடுத்துப் படித்துக்கொண்டிருந்தவர்களை இன்னும் ஊக்கப்படுத்துகிறேன் பேர்வழி என்று, ஒரு புத்தகம் முடித்தால் ஒரு ஸ்டார் ஸ்டிக்கர், பத்து ஸ்டாருக்கு ஒரு பேனா என்று அறிவித்தேன். ஒரே வாரத்தில் தடிப் புத்தகங்களை யாரும் தொடவில்லை. பதினாறு பக்கப் படக்கதைகளுக்கு அடிதடி. ஸ்டிக்கர் தீர்ந்ததும் அலமாரியில் தூசி. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஸ்டான்ஃபோர்டில் சின்னக் குழந்தைகளிடம் பார்த்ததும் இதேதான் என்று பிற்பாடு படித்தேன். ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதை ஏற்கெனவே விரும்பிய குழந்தைகளுக்கு, வரைந்தால் சான்றிதழ் தருகிறோம் என்று முன்கூட்டிச் சொல்லிக் கொடுத்தார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால் அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் கொடுத்த குழந்தைகளுக்கு இந்த நஷ்டம் இல்லை. ஆகவே இப்போது பேனா கொடுத்தால் காரணம் சொல்லாமல் ஏதோ ஒரு நாள் எல்லாருக்கும் கொடுத்துவிடுகிறேன். ஏற்கெனவே பிடித்துச் செய்கிற காரியத்துக்கு விலை போடாதீர்கள் என்று பெற்றோரிடமும் சொல்கிறேன். பிடிக்காத வேலைக்குச் சின்ன லஞ்சம் கொடுத்தால் பாதகமில்லை. வாய்ப்பாடு ஒப்பிக்க ஐஸ்கிரீம் கேட்டால் நான் வாங்கிக் கொடுத்துவிடுவேன்.

பேப்பர் திருத்துவதிலும் ஒன்றை மாற்றினேன். மேலே மார்க் போட்டுக் கீழே 'கவனம் தேவை' என்று எழுதினால், பிள்ளை மார்க்கைப் பார்க்கும், பக்கத்துப் பிள்ளை மார்க்கைப் பார்க்கும், பேப்பரை மடித்து வைத்துவிடும். 1988-இல் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் இஸ்ரேலில் ஐந்தாவது, ஆறாவது பிள்ளைகளிடம் இதைச் சோதித்திருக்கிறார். வெறும் குறிப்பு எழுதிக் கொடுத்தவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. மார்க்கும் குறிப்பும் சேர்த்துக் கொடுத்தவர்கள், மார்க் மட்டும் வாங்கினவர்களைப் போலவே சுணங்கினார்கள். நான் செய்வது இவ்வளவுதான்: செவ்வாய்க்கிழமை குறிப்போடு பேப்பர், வியாழக்கிழமை மார்க். இடையில் இரண்டு நாள் தப்பைத் தேடித் திருத்தலாம். மார்க்கையே ஒழிக்கும் தைரியம் எனக்கு இல்லை. ஒழித்தால் டியூஷனை மூட வேண்டியதுதான்.

மூடுகிற நிலைமைக்குக் கொஞ்சம் கிட்டவே போனேன். அந்த வருடம் மூன்று பேர் நின்றுவிட்டார்கள். "மாடியில உக்காந்து கதை பேசுறாங்க" என்று ஒரு அப்பா எல்லார் முன்னாடியும் சொல்லிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆட்டோ ஓட்டுகிறவர், மகன் பத்தாவது, அவருக்குத் தெரிந்த ஒரே ஏணி மார்க்தான். அதற்குப் பிறகு பத்தாவது பிள்ளைகளுக்கு ஜனவரியிலிருந்து நான் எதுவும் பரிசோதிப்பதில்லை. பழைய வினாத்தாள், கடிகாரம், எழுது. அந்த மூன்று மாதத்தை அப்படித்தான் ஓட்ட வேண்டும். அதே மூன்று மாதத்தை ஆறாவதிலிருந்தே ஆரம்பிக்கக் கூடாது, அவ்வளவுதான் என் சண்டை.

பெற்றோர் கேட்டால் நான் முதலில் விசாரிப்பது தூக்கத்தைத்தான். காலை ஆறரைக்கு வேன், நாலரைக்கு வீடு, ஐந்தரைக்கு என்னிடம், எட்டரைக்கு ஹோம்வொர்க், ஞாயிறு ஹிந்தி கிளாஸ். பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொண்டாயிற்று. இந்தப் பிள்ளைக்கு எதன் மேலும் ஆசை வராது, பிரியாணி மேலேகூட. வாரத்தில் ஒரு நாள் என் டியூஷனுக்கே அனுப்பாதீர்கள் என்கிறேன். ஃபீஸ் குறையாது என்று தெரிந்ததும் பாதிப் பேர் மறுத்துவிடுகிறார்கள், நியாயம்தான்.

போன ஏப்ரல் 24-ஆம் தேதி பரீட்சையெல்லாம் முடிந்துவிட்டது. சென்னையில் வருடத்தில் இரண்டு நாள், அந்தத் தேதியிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும், சூரியன் நேர் உச்சிக்கு வரும். நிறுத்தி வைத்த பொருளுக்குப் பக்கத்தில் நிழல் விழாது. விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று மட்டும் சொல்லியிருந்தேன். பதினொரு பேர் வந்தார்கள், கொதிக்கிற தரையில் செருப்போடு தவ்விக்கொண்டு. அகர்பத்தி டப்பா, சொம்பு, ஒரு கிரிக்கெட் ஸ்டம்ப். 12 மணிக்கு மேல் நிழல் சுருங்கிச் சுருங்கி, ஏழு நிமிடம் ஆனபோது சொம்புக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. கத்தினார்கள். கீழ் வீட்டம்மா என்னவோ ஏதோ என்று மேலே ஓடி வந்துவிட்டார்.

ஆறாவது பையன் ஒருத்தன் மட்டும் கத்தாமல் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தான். "எங்க சித்தி டெல்லில இருக்காங்க மிஸ். அங்க என்னைக்கு இந்த மாதிரி வரும்?" வருடத்தில் ஒரு நாளும் வராது என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். கேள்வி நோட்டு பள்ளி லீவுக்குப் பரணில் ஏறிவிட்டதால், கைப்பிடிச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தான். ஜூனில் வரும்போது அட்லஸ் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.